இடது ஒன்பது, வலது ஏழு

மேஜர் வருகிறாள் என்பதை மாடிப்படியே சொல்லிவிடும். டொக் என்று ஒரு சத்தம், டப் என்று ஒரு சத்தம். இரண்டும் ஒருநாளும் ஒன்றுபோல் விழுந்ததில்லை. அவளுக்கு இடது கால் ஒன்பதாம் அளவு, வலது கால் ஏழாம் அளவு. பிறவியிலேயே அப்படி. பட்டாளத்துக்கும் அவள் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எவளோ ஒரு வாயாடி அவள் நடையைப் பார்த்துவிட்டு "மேஜர் வர்றாங்கடி, எழுந்து நில்லுங்க" என்று சொல்லி வைக்க, அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி அவள் புகுந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே பட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமனார்கூட "மேஜரம்மா, தண்ணி கொஞ்சம்" என்றுதான் கேட்பார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஒரு பெரிய ஷூக் கடையில் விற்பனை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் காலுக்கெல்லாம் பாந்தமாக ஜோடி மாட்டிவிடுவாள். தனக்கு வேண்டுமென்றால் மட்டும் ஒன்பதில் ஒரு ஜோடி, ஏழில் ஒரு ஜோடி என்று இரண்டு ஜோடி வாங்கியாக வேண்டும். ஜோடிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். புத்தம்புது ஷூவைக் குப்பையில் போட மனம் வருமா?

"உனக்கு ஷூ வாங்குற காசுல ரெண்டு புருஷன் வச்சுக் காப்பாத்தலாம்" என்பார் அவள் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். பகலெல்லாம் ஹாரன் சத்தத்திலேயே கிடப்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினால் இந்த மாதிரி ஏதாவது பேசிவைப்பார்.

கடையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். தன்னைப் போன்ற ஆட்களுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் பஞ்சு திணித்துக்கொள்பவர்கள், ஒரு பக்கம் மட்டும் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருபவர்கள், "ரெண்டு பெட்டியைப் பிரிச்சுக் கொடுக்க முடியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள். முதலாளி ஒப்பவே மாட்டார். "மிச்சத்தை யார் தலையில கட்டுறது?" என்பார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

அந்த முதலாளி ஒருநாள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். கிடங்கில் பழைய ஸ்டாக் நிறையக் கிடந்தது. மொத்தமாக எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட பெட்டி விலைக்கே தருகிறேன் என்றார். மேஜர் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை அவிழ்த்தாள்.

"இடது தனியா, வலது தனியா அளவு சொல்லி வாங்குற மாதிரி ஒரு கடை. கடைன்னா தெருவுல இல்ல. ஆன்லைன்ல."

கணவர் கை கழுவ எழுந்தவர் அப்படியே நின்றார். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அவளுக்குப் பாப்பா என்று பெயர். நாற்பதைத் தாண்டிய பாப்பா. ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் வேலை. கம்ப்யூட்டர் என்றால் கை தானாக நீளும்.

"அண்ணி, நானும் கூட்டு. வெப்சைட்டை நான் பாத்துக்கறேன். ஷூவை நீங்க பாத்துக்கங்க."

"அப்ப நான்?" என்றார் கணவர்.

"நீங்க பெட்டி தூக்குங்க."

புது ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி ஸ்டாக்குக்குப் போயிற்று. பழைய ஃபிரிட்ஜ் இன்னும் கொஞ்ச நாள் முனகிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டின் சின்ன அறையில் பெட்டிகள் கூரையைத் தொட்டன. ஜன்னலைத் திறக்கவேண்டும் என்றால் முதலில் ஆண்கள் பிரிவை நகர்த்தவேண்டும் என்ற நிலைமை. மிச்சப் பணம் கையளவு. அதை வைத்துத்தான் கடையைக் கட்டவேண்டும்.

பாப்பாவின் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்து கொடுத்த கம்பெனிக்கு முதலில் போனார்கள். சுவர் எது, கதவு எது என்று தெரியாதபடி அங்கே எல்லாமே கண்ணாடி. பாப்பா கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டாள். உள்ளே ஒரு நிபுணர், நெற்றியில் கைவைத்து நின்ற பாப்பாவைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருவரையும் உட்காரச் சொன்னார்.

"உங்க பிராண்டோட ஆன்மா என்ன மேடம்?"

மேஜர் சற்று யோசித்தாள். "ஷூ விக்கிறதுங்க."

அவர் அசரவில்லை. ஷூவைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், போன் கேமராவைக் காலுக்கு நேராகப் பிடித்தால் ஷூ மாட்டியது போலவே தெரியும், தனியாக ஒரு ஆப் கட்டாயம் வேண்டும் என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் கேட்க ஜோராக இருந்தது. கடைசியில், எவ்வளவு ஆகும் என்று பாப்பா கேட்டதும் வாயால் சொல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதி, கவிழ்த்து, மேஜை மேல் மெதுவாகத் தள்ளினார். பாப்பா அதைத் திருப்பிப் பார்த்தாள். தன் முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு அண்ணி முன்னால் இருந்ததையும் குடித்தாள்.

தெருவுக்கு வந்தபிறகுதான் பேச்சு வந்தது. "அண்ணி, அது விலையா, அவரோட போன் நம்பரா?"

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும் பாப்பா. நமக்கு அகலக்கால் கட்டாது."

"நம்ம விரலே ரெண்டு அளவுல இருக்கே" என்று பாப்பா சொல்ல, இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய் நின்றார்.

அடுத்தது, எல்லாரும் எல்லாமும் விற்கிற பெரிய ஆன்லைன் சந்தை. அங்கே கடை கட்டவே வேண்டாம். படத்தைப் போட்டால் போதும், விற்றால் அவர்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். இதைவிட மலிவு ஏது? ஒரே ஒரு சிக்கல். படிவத்தில் அளவு என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. கடவுள் எல்லாருக்கும் ஒரே அளவில் இரண்டு கால் வைத்திருக்கிறான் என்பது அந்தச் சந்தையின் நம்பிக்கை. பாப்பா சாமர்த்தியமாக விவரக் குறிப்பில் எழுதினாள்: இந்த ஜோடியில் இடது ஒன்பது, வலது ஏழு, வாங்கும் முன் கவனிக்கவும்.

ஆர்டர் வந்தது! ஒன்றல்ல, மளமளவென்று வந்தது. மேஜர் பெட்டி கட்டினாள், கணவர் கூரியருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், பாப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். வாரம் திரும்புவதற்குள் போன பெட்டிகளும் திரும்பின. விவரக் குறிப்பை ஒரு மகராசனும் படிக்கவில்லை. படம் அழகாக இருந்தது, விலை குறைவாக இருந்தது, வாங்கிவிட்டார்கள்.

கூடவே விமர்சனங்கள். 'ஒரு ஷூவில் என் கால் நீந்துகிறது, இன்னொன்றில் மூச்சுத் திணறுகிறது' என்று ஒருவர். 'பெட்டி கட்டியவர் தெளிவாகத்தான் இருந்தாரா?' என்று இன்னொருவர். மூன்றாமவர் நீளமாக எதுவும் எழுதவில்லை. இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கீழே 'அப்பாவும் பிள்ளையும்' என்று மட்டும் போட்டிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு முகங்கள்.

பழுதான சரக்கு விற்பதாகச் சொல்லிச் சந்தை அவர்கள் கணக்கை முடக்கிவிட்டது. பாப்பா நீளமாக விளக்கம் எழுதி அனுப்பினாள். அடுத்த நொடியே பதில் வந்தது: 'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது.' அவ்வளவுதான். புரிந்துகொண்டது மனிதனா இயந்திரமா என்பது கடைசிவரை தெரியவில்லை.

"மாச வாடகைக்கு ரெடிமேட் கடை கிடைக்குதாமே. நம்ம படத்தைப் போட்டு, விலையைப் போட்டு உக்காந்துக்கலாமாம். அதைப் பாரேன்" என்றாள் மேஜர்.

பாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாடகைக் கடை வேணாம் அண்ணி. அவன் வச்சதுதான் சட்டமா இருக்கும். மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. சர்வர்ல கொஞ்சம் இடம் மட்டும் எடுத்தா போதும், நானே கட்டிடுவேன். இடதுக்கு ஒரு கட்டம், வலதுக்கு ஒரு கட்டம். நம்ம இஷ்டம்."

இதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மேஜருக்கு அரைமனசுதான். ஆனாலும், வெப்சைட்டை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்ட பிறகு குறுக்கே விழுவது அழகில்லை என்று விட்டுவிட்டாள்.

பாப்பா வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றாள். ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கற்றாள், பேருந்தில் அண்ணனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தும் கற்றாள். கடை எழுந்தது. நிஜமாகவே அழகாக எழுந்தது. இளநீலப் பின்னணி, நடுவில் ஷூ, பக்கத்தில் இடது அளவு, வலது அளவு. மேஜர் தன் அளவைத் தானே போட்டுப் பார்த்தாள். 'இடது ஒன்பது, வலது ஏழு, இருப்பில் உள்ளது' என்று வந்தபோது அவள் கண் கொஞ்சம் பனித்தது. எந்தக் கடையும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் அது ஓட்டைத் துணி. ஒரு பக்கம் தைத்தால் மறுபக்கம் கிழிந்தது. பணம் கட்டும் பக்கத்தைச் சரி செய்தால் படங்கள் காணாமல் போயின. படங்களைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லா ஷூவின் விலையும் சைபர் என்று காட்டியது. பாப்பா மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். சாப்பிடும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலை, பேருந்து நிலையத்தில் மேஜரின் கணவர் கூட வேலை செய்பவர்களிடம் பெருமையாகப் போனை எடுத்து நீட்டினார். "இது நம்ம வீட்டுக் கடை. பாருங்க."

பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஷூவைக் காணோம். ஒரு வழுக்கைத் தலை, அம்புக்குறி, பக்கத்தில் அதே ஆள் கருகருவென்ற முடியோடு. 'ஒரே மாதத்தில் எனக்கு முளைத்தது! உங்களுக்கும் முளைக்கும்!' எவனோ எங்கிருந்தோ கடைக்குள் புகுந்து, பூட்டை உடைத்து, தன் எண்ணெயைக் கடைபரப்பி வைத்திருந்தான்.

மேஜரின் கணவருக்கு முன்னந்தலையில் முடி கிடையாது. "அண்ணே, நீங்க முதல்ல ஒரு பாட்டில் வாங்கிப் பாத்திருக்கலாம்ல?" என்று ஒருவர் கேட்டதோடு அன்றைய பொழுது அவருக்கு விடிந்தது.

சாயங்காலம் வீட்டில் இடி இறங்கியது. பாப்பா கண்கள் சிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டிய கடையை முழுக்க அழித்துவிட்டுத்தான் எண்ணெய்க்காரனை வெளியேற்ற முடிந்தது. அந்த நேரம் பார்த்து மேஜர் வாயைக் கட்டாமல் விட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன். வாடகைக் கடைன்னா பூட்டு அவன் பொறுப்பு."

பாப்பா நாற்காலியைத் திருப்பினாள். "சொன்னீங்க, சொன்னீங்க! எல்லாம் உங்க காலால வந்தது அண்ணி! ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு காலும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒழுங்கா ஜோடியா வித்திருந்தா எப்பவோ வித்து முடிச்சிருக்கலாம். உங்க ஒருத்திக்காக ஒரு கடையா?"

முனகிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. கணவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மேஜர் சின்ன அறைக்குள் போனாள். உள்ளே பெட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. சொன்ன மறுகணமே பாப்பாவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. அண்ணி அழுகிறாளோ என்று எழுந்து போகப் பார்த்தாள்.

அழவெல்லாம் இல்லை. மேஜர் வெளியே வந்தபோது கையில் கால் அளக்கும் இரும்புத் தகடு இருந்தது. பழைய கடையிலிருந்து ஸ்டாக்கோடு சேர்ந்து வந்தது. அதைத் தரையில் வைத்து, அதன் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள்.

"உக்காரு. கால வை."

"அண்ணி, நான் ஏதோ கோவத்துல..."

"கால வைன்னு சொன்னேன்."

அந்தக் குரலுக்கு எத்தனையோ வாடிக்கையாளர்கள் பெட்டிப்பாம்பாய் அடங்கியிருக்கிறார்கள். பாப்பா உட்கார்ந்தாள், காலை வைத்தாள். மேஜர் குதிகாலைத் தகட்டின் விளிம்போடு ஒட்டவைத்து, முன்னால் இருந்த சட்டத்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து விரலில் நிறுத்தினாள்.

"இடது ஆறு. அடுத்த கால்." சட்டம் நகர்ந்தது. "வலது ஆறரை."

"என்னது?"

"அரை அளவு பெரிசு. நல்லா எட்டிப் பாரு."

பாப்பா குனிந்து பார்த்தாள். காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். தகடு மனம் மாறவில்லை. "அதனாலதான் எந்த ஷூ வாங்கினாலும் வலது பக்கம் மட்டும் கடிக்குதா? நான் என் நடைதான் சரியில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன்!"

"கடையில வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு இப்படித்தான். எனக்குக் கண்ணுக்குத் தெரியுது, உங்களுக்கெல்லாம் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பாப்பா தரையில் இறங்கி அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஸாரி அண்ணி. வாய் என்னுதா, வேற யாருதான்னே சில நேரம் தெரியல."

"விடு. நானும் வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "எனக்கும் பாரேன்" என்று கணவர் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தார். இரண்டும் அச்சில் வார்த்தது போல எட்டு. அவர் முகம் சுருங்கிவிட்டது. "இந்த வீட்டுல எனக்கு மட்டும் ஒரு விசேஷமும் இல்லையா?"

மறுநாள் பாப்பாவே வாடகைக் கடைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். இருப்பதிலேயே குறைந்த வாடகையில் ஒன்றைப் பிடித்தாள். இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். பூட்டும் சாவியும் பணம் வாங்குவதும் அவர்கள் பொறுப்பு. ஒரே மாலையில் கடை நின்றுவிட்டது. இளநீலம் இல்லை, சுமாரான சாம்பல் நிறம்தான். பாப்பா அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூச்சு விடவேண்டிய வேறு விஷயம் வந்தது. "அண்ணி, ஒரு மாடல் ஷூவுக்கு இத்தனை வகைதான் வைக்கலாம்னு ஒரு வரம்பு வச்சிருக்கான். நாம இடதுல இத்தனை அளவு, வலதுல இத்தனை அளவுன்னு போட்டா, ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனி வகையா எண்ணுறான். பெருக்கிப் பாத்தா வரம்பைத் தாண்டி எங்கேயோ போகுது. பெரிய பிளான் எடுத்தா விடுவான். ஆனா வாடகை மூணு மடங்கு."

மேஜர் அப்போது பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு இடது ஷூ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்குச் சேர்க்கணும்? இடது ஷூ ஒரு சாமான். வலது ஷூ ஒரு சாமான். தனித்தனியாவே போட்டுடு. வேணுங்கிறவங்க இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு எடுத்துக் கூடையில போட்டுக்கட்டும்."

"ஒத்தை ஷூவாவா? நல்லா இருக்குமா? யாராவது காருக்கு ஒரே ஒரு டயர் விப்பாங்களா?"

"டயர் ஒத்தையாத்தான் விக்கிறான்" என்றார் கணவர், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் எப்போதாவதுதான் பேசுவார் என்பதை முன்பே சொன்னேன்.

அப்படியே செய்தார்கள். பாதி விலைக்கு ஒற்றை ஷூ. இம்முறை விவரக் குறிப்பை நம்பி மோசம் போகாமல், எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் போட்டாள் பாப்பா: 'இங்கே ஒரு ஷூ மட்டும்தான் வரும். மற்ற காலுக்குத் தனியாக எடுங்கள்.' அதற்குக் கீழே, ஒரு காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளப்பது எப்படி என்று மேஜர் தானே செய்து காட்டிய படங்கள். படம் எடுத்தது கணவர். ஒன்றிரண்டில் அவர் கட்டைவிரலும் விழுந்திருக்கும். மாற்றிப் போட அவர் விடவில்லை.

முதல் ஆர்டர் நாலைந்து நாள் கழித்து வந்தது. ஆண்கள் கறுப்பு ஷூ, இடது, அளவு எட்டு. அவ்வளவுதான். வலது இல்லை.

"போச்சு" என்றாள் பாப்பா. "மறந்துட்டார். ஒத்தையா போய்ச் சேரும், பெட்டியைத் திறப்பார், நம்மள திட்டி எழுதுவார். மறுபடியும் அப்பாவும் பிள்ளையும்."

"திட்டுறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுடலாம்" என்று மேஜர் நம்பரைப் போட்டாள். எடுத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். பின்னால் வகுப்பு இரைச்சல் கேட்டது.

"சார், ஷூக் கடையிலேர்ந்து பேசறோம். நீங்க இடது கால் ஷூ மட்டும் போட்டிருக்கீங்க. வலது கால் அளவு என்னன்னு சொன்னீங்கன்னா..."

"வலது கால் அளவு சைபர் மேடம்."

"சார்?"

அவர் சிரித்தார். "எனக்கு வலது காலே கிடையாது. லாரிக்காரன் ஒருத்தன் கொண்டு போயிட்டான், பல வருஷம் ஆச்சு. கட்டையை ஊணித்தான் நடக்கிறேன்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க சார். எனக்குத் தெரியாம..."

"எதுக்கு மன்னிப்பு? உங்க கடையைப் பாத்ததும் நான் வகுப்புலயே எழுந்து நின்னுட்டேன், தெரியுமா? ஒத்தைக்கால்ல! எத்தனை வருஷமா ஜோடிக்குக் காசு கொடுத்து, ஒண்ணை வீணாக்கிட்டு இருக்கேன். என் வீட்டு பால்கனியில வந்து பாருங்க. வலது ஷூவுல பூரா என் பொண்டாட்டி செடி வச்சிருக்கா. மிளகாய்ச் செடி நல்லாவே வருது."

போனை வைத்தபிறகு மேஜர் பெட்டிகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாப்பா பதறி, என்ன அண்ணி என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா ரெண்டு காலைப் பத்தியே யோசிச்சுட்டு இருந்திருக்கேன் பாப்பா. ஒத்தைக் கால்காரங்களைப் பத்தி ஒரு நிமிஷம்கூட நினைச்சுப் பாக்கல. ஷூக் கடையிலயே கிடந்த எனக்கே தோணல பாரு."

"பெரிய பிளான் எடுத்திருந்தா இப்பவும் தோணியிருக்காது" என்றாள் பாப்பா. அது உண்மைதான். பணம் இருந்திருந்தால் ஜோடி ஜோடியாகத்தான் கட்டியிருப்பார்கள். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல் போயிருப்பார்.

வாத்தியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. செயற்கைக் கால் பொருத்தும் இடத்தில், தன்னைப் போன்றவர்கள் கூடும் குழுவில், போகிற வருகிற இடத்திலெல்லாம் சொல்லிவைத்தார். ஆர்டர்கள் வந்தன. செயற்கைக் காலுக்கு ஒரு அளவும் சொந்தக் காலுக்கு ஒரு அளவும் கேட்பவர்கள் வந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது, அந்தப் பக்கம் மட்டும் புதிது வேண்டும் என்றாள் ஒரு தபால்காரி. ஒரு ஷூவை நாய் கடித்துவிட்டது, மற்றது நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு. அப்படி எழுதியவர்கள்தான் அதிகம். உலகத்தில் இத்தனை நாய்கள் ஷூ கடிக்கின்றன என்பது மேஜருக்கு அதுவரை தெரியாது.

கோடீஸ்வரர்கள் ஆகிவிடவில்லை. கடை தன் வாடகையைத் தானே கட்டியது, கூரியர்க்காரர் தினமும் மாடிப்படி ஏறினார், சின்ன அறையின் ஜன்னல் திறக்கிற அளவுக்குப் பெட்டிகள் குறைந்தன. பாப்பா சாம்பல் நிறத்தை மட்டும் எப்படியோ இளநீலமாக மாற்றிவிட்டாள்.

ஸ்டாக் குறைந்ததில்தான் புதுத் தலைவலி வந்தது. எட்டாம் அளவு இடது ஷூ தீர்ந்துபோயிற்று. தொழிற்சாலைக்காரன் ஒற்றையாகத் தரமாட்டான், ஜோடியாகத்தான் வாங்கவேண்டும். வலது எட்டு மிஞ்சினால் பழைய முதலாளியின் கேள்விதான் வந்து நிற்கும். பாப்பா வாடிக்கையாளர்கள் பட்டியலைத் துழாவி ஒருவரைக் கண்டுபிடித்தாள். வேறொரு ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். வலது கால் மட்டும் உண்டு. அளவு எட்டு. அடிக்கடி வாங்குகிறவர்.

"வாத்தியாரையும் இவரையும் பேச வச்சுட்டா என்ன அண்ணி? ரெண்டு பேரும் ஒரே மாடலை எடுத்துட்டாங்கன்னா, ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒண்ணு அனுப்பிடலாம்."

மேஜர் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டாள். அறிமுகம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நீங்கள் எந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், எத்தனை வருஷமாச்சு, ஓ அப்படியா என்று பேச்சு தேன் போல ஓடியது. ஷூவின் நிறத்துக்கு வந்ததும் தட்டியது.

"கறுப்புதான் பள்ளிக்கூடத்துக்கு லட்சணம்" என்றார் வாத்தியார்.

"கறுப்புல மாவு விழுந்தா திருநீறு பூசின மாதிரி தெரியுமே சார். பழுப்பு எடுங்க. உங்களுக்கும் சாக்பீஸ் தூள் தெரியாது."

"சரி, பழுப்பு. ஆனா லேஸ் வச்சது."

"லேஸா? வேணாம் சார். லேஸ் கட்ட எனக்கு எங்க நேரம்? அடுப்புல ரொட்டி வெந்துட்டு இருக்கும்."

"யோவ், ஒரே ஒரு லேஸ்தானே கட்டப்போறீங்க!"

"அந்த ஒண்ணைக் கட்டவும் குனியணும்ல சார்! குனிஞ்சா பிடிக்க ஆள் வேணும்ல!"

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடினாள். மேஜர் போனை ஒரு ஷூப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் டீ போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, டொக் டப் என்று சமையலறைக்குப் போனாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. டீயோடு திரும்பி வந்தபோது, லேஸ் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வாத்தியார், கோடை விடுமுறைக்கு ரொட்டிக்கடைக்காரர் ஊருக்கு எந்த ரயில் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.